நிய்யத் வைக்காமல் நின்றவள்

நான் கணக்கு டீச்சர். விடை ஒன்று சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று பேனையைக் கடிக்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த நோன்பு மாதத்தில் அல்லாஹ் என்னையே கொண்டுபோய் அந்த நடுவில் நிறுத்தினான்.

கலியாணம் முடித்து வருடக்கணக்காகக் காத்திருந்து, எத்தனையோ பேரின் புத்திமதியைக் கேட்டு, கடைசியில் எல்லாரையும் வாயை மூடச் சொன்ன பிறகுதான் எனக்கு வயிற்றில் தங்கியது. மருந்துக்கடையில் வாங்கிய குச்சியில் இரண்டு கோடு விழுந்ததை முதலில் என் கணவர் இன்பாஸிடம் காட்டினேன், பிறகு உம்மாவிடம். உம்மாவிடம் காட்டியதுதான் வினை. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடுவரை தெரிந்துவிட்டது. சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிற மனிசன்கூட, பிள்ளைத்தாச்சிக்கு நல்லது என்று ஒரு விளைமீனைத் தனியாக எடுத்து வைத்தார். நபீஸா என்கிற என் உம்மாவுக்கு அப்படி ஒரு வாய்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். ஆகவே இன்பாஸும் இந்தக் கொண்டாட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டார். உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிற பட்டறை வைத்திருக்கிறார். வாயில்லாத மனிசன். ஆனால் அந்தக் கிழமை முழுக்கக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார். என் ஸ்கூட்டர் சாவியை எடுத்து எங்கேயோ ஒளித்தும் வைத்துவிட்டார்.

நோன்பு தொடங்கியது. வாந்தி என்னைப் புரட்டி எடுத்ததால் நான் நோன்பு பிடிக்கவில்லை. பிள்ளைத்தாச்சி நோன்பை விடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம். அதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தொழுகை அப்படியில்லை. வாந்தியோடும் தொழத்தான் வேண்டும். ஒரு பெண் தொழாமல் இருப்பதற்கு ஒழுங்கைக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று, இரத்தம்.

ஒரு நாள் நோன்பு திறக்கிற மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், கஞ்சிக்கு இஞ்சி இடித்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். உடுப்பில் மண்ணிறமாக ஒரு கறை. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெளியே உம்மா, “பேரீச்சம்பழம் எங்க புள்ள வச்ச?” என்று கத்தினார். அலுமாரியில் என்று பதில் சொன்னேன். என் குரல் வழக்கம்போலத்தான் வந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அடுத்த நாள் அது சிவப்பாகிவிட்டது. நிறைய இல்லை. அடிவயிற்றில் மாதாமாதம் வருகிற அதே பிடிப்பு. வயிற்றில் தங்காமல் இருந்திருந்தால் இந்த மாதம் எனக்கு வரவேண்டிய நாட்களும் இவைதான். அப்படியென்றால் இது மாதவிடாயா? அப்போ குச்சி பொய்யா? குச்சி பொய்யென்றால் காலையில் எழும்பியதும் குடலே வெளியே வருகிற மாதிரி ஏன் சத்தி எடுக்கிறேன்? இல்லை, பிள்ளை இருந்தது, இப்போது போகிறது என்றால் இவ்வளவு கொஞ்சமாகவா போகும்? எந்தப் பக்கத்தால் போட்டாலும் கணக்கு பிழைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் உடம்பு, எனக்கே ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறதே.

நோன்பு இரவுகளில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள், மார்க்கம் படித்த நஸ்ரின் ஆலிமாவின் வீட்டு ஹோலில் கூடித்தான் தறாவீஹ் தொழுவோம். மூன்று வரிசை. ஆலிமா முதல் வரிசையின் நடுவில் நின்று தொழுவிப்பார். தொழுகை இல்லாத நாட்களில் உள்ளவர்கள் பின் சுவரோடு உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். யார் எந்தக் கிழமை சுவரோடு உட்காருவாள் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஒருத்தி உட்காரவேண்டிய நேரம் உட்காராவிட்டால், “என்ன, ஏதும் விசேசமா?” என்று கண்ணைச் சிமிட்டுவார்கள். விசேசம் என்று சொன்னவள் சுவரோடு போய் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பஸ்மியா மாமி மெல்ல, மரணச் செய்திக்கு ஓதுகிற “இன்னா லில்லாஹி” என்பார். அடுத்த நாள் நோன்பு திறக்கிற நேரத்தில் மூடிபோட்ட பாத்திரங்கள் வீட்டுக்கு வரும்.

இப்போது நான் என்ன செய்வது? இது மாதவிடாய் என்றால் நான் வரிசையில் நின்று தொழுவது ஹராம். மாதவிடாய் இல்லையென்றால் தொழாமல் இருப்பது குற்றம். சுவரோடு உட்கார்ந்தால் உம்மா அங்கேயே விழுந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது காண்பார்கள். அது சாட்டுத்தான். போனால் விடை தெரிந்துவிடும், அதுதான் பயம். போகாதவரைக்கும் பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகக் கணக்கு படிப்பிக்கிறவளுக்கு விடையைப் பார்க்கப் பயம்.

உம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் வரிசையில் நின்றேன். ஆனால் தொழவில்லை. தொழுகை தொடங்கும்போது மனதுக்குள் எண்ணம் வைக்க வேண்டும், இன்ன தொழுகையைத் தொழுகிறேன் என்று. அதுதான் நிய்யத். அதை வைக்கவில்லை. எல்லாரும் கை கட்டியபோது நானும் கட்டினேன், குனிந்தபோது குனிந்தேன். ஓதவில்லை. நெற்றி நிலத்தில் பட்டபோது மட்டும் தமிழில் கேட்டேன், இருக்கா, இல்லையா, அதை மட்டும் சொல்லு ரப்பே என்று. பக்கத்தில் உம்மாவின் தோள் என் தோளோடு முட்டிக்கொண்டு இருந்தது. அவர் எனக்காகத்தான் துஆ கேட்டுக்கொண்டிருந்திருப்பார். நான் அவர் பக்கத்தில் கள்ளியாக நின்றுகொண்டிருந்தேன்.

இப்படியே சில இரவுகள் போயின. இரத்தம் ஒரு நாள் நின்ற மாதிரி இருக்கும், அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விடுவேன், மத்தியானம் திரும்பவும் வரும். பாடசாலையில் ஒரு பிள்ளை பின்னத்தைத் தலைகீழாகப் போட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். இன்பாஸ் இளநீர் வெட்டிக்கொண்டு வந்து தந்தால், வைத்துவிட்டுப் போங்கள் என்று எரிந்து விழுந்தேன். பிள்ளைத்தாச்சிக்குக் கோபம் வரும் என்று உம்மா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

கடைசியில் கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் நஸ்ரின் ஆலிமாவிடம் போனேன். அவர் குசினியில் சமோசாவுக்கு மா உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறாள், அவள் கேட்கச் சொன்னாள் என்று தொடங்கினேன். பிள்ளைத்தாச்சி, ஆனால் இரத்தம் படுகிறது, தொழலாமா கூடாதா?

ஆலிமா கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை நாளாக, என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். கூட்டாளிக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது.

“நாம பின்பற்றுற மத்ஹபில, பிள்ளை வயித்தில இருக்கேக்க வாற இரத்தத்துக்கும் ஹைழ்ட சட்டம் வரும்,” என்றார். மத்ஹப் என்றால் சட்டவழி, ஹைழ் என்றால் மாதவிடாய். “நீ சொல்றதப் பார்த்தா அவக்கு இப்ப தொழுகை இல்ல. வேற மத்ஹபில அப்பிடி இல்ல எண்டும் சொல்லுவாங்க.”

“அப்ப பிள்ளை?”

“பிள்ளையப் பத்தி இந்தச் சட்டம் ஒண்டும் சொல்லல்ல ஸஹ்ரா. தொழுறதா விடுறதா எண்டு மட்டும்தான் சொல்லுது.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாதவிடாய் என்றால் பிள்ளை இல்லை என்றுதானே அர்த்தம், பிள்ளை இருந்தால் மாதவிடாய் இல்லை என்றுதானே அர்த்தம், இதென்ன இரண்டு பக்கமும் ஓடுகிற கதை என்று ஆலிமா என்றும் பாராமல் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“வயித்துப் பிள்ளைக்குக் கிதாபில விடை தேடவேணாம் எண்டு உன்ட கூட்டாளிக்கிட்டச் சொல்லு. டொக்டரிட்டப் போகட்டும், இண்டைக்கே.” எழும்பிப் போய்த் திரும்பவும் மாவில் கை வைத்தார். “மூணாம் வரிசையில ஆமீன் சொல்லாம நிக்கிற ஆளுக்கிட்டயும் சொல்லு. அவட சத்தம்தான் எப்பவும் பெரிசாக் கேக்கும்.”

எனக்கு முகம் எரிந்தது. பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன்.

இன்பாஸ் ஒரு எஞ்சினைக் கழற்றிக் கீழே பரப்பி வைத்திருந்தார். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை. என்ன என்று கேட்கிறதுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். நாலைந்து நாளாக இரத்தம் போகிறது என்று.

“அப்ப... இல்லையா?” என்றார்.

“தெரியாது.”

“தெரியாதெண்டா?”

“தெரியாதெண்டா தெரியாது. எனக்கு என்ன, வயித்துக்குள்ள கண்ணா இருக்கு?”

பட்டறையில் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்பாஸ் குழாயடிக்குப் போய் கைகளைக் கழுவினார். கழுவினார், கழுவினார், எண்ணெய் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, “நட, போவம்,” என்றார். ஏன் முதலே சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல சண்டையாவது பிடித்திருப்பேன்.

உம்மாவுக்குப் போன் எடுத்து, இன்பாஸோடு கடைக்குப் போகிறேன் என்று சொன்னேன். பெருநாள் உடுப்புக்கா என்று உம்மா சந்தோசப்பட்டார். ஓட்டோவில் ஏறினோம். வழியில் மான்கள் நாலைந்து றோட்டின் நடுவில் நின்று, யாரோ கொட்டிய மரக்கறிக் குப்பையை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்காமல் நின்றார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். எனக்கு இறங்கிப் போய் அந்த மான்களுக்கு அறைய வேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் டொக்டர் நிலுஷா. என்னைவிட இளம் ஆள். கழுத்தில் சின்னச் சிலுவை. எப்போது தொடங்கியது, எத்தனை பேட் நனைகிறது, வலி ஒரு பக்கமாக இருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்று கொஞ்சம் ஏசினார். நான் பிள்ளைகளுக்கு ஏசுகிற அதே குரல்தான். கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றில் குளிர்ந்த கூழைப் பூசி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் பேசவில்லை. அந்தப் பேசாத நேரத்தில் நான் பிள்ளையை அடக்கம் செய்து, உம்மாவுக்குச் சொல்லி, பஸ்மியா மாமியின் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தும் முடித்துவிட்டேன்.

பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்குள்ளே அவரைக்கொட்டை அளவில் ஒன்று. அதற்குள்ளே ஏதோ விடாமல் துடித்தது.

“அதுதான் இருதயம்,” என்றார். “அடிக்குது, பாருங்கோ.”

பார்த்தேன். பார்த்துக்கொண்டே கேட்டேன், அப்படியென்றால் எனக்கு வந்தது மாதவிடாய் இல்லையா?

“பிள்ளை வயித்தில இருந்தா மாதவிடாய் வராது. இது வேற. பிள்ளை இருக்கிற பைக்குப் பக்கத்தில கொஞ்சம் இரத்தம் கட்டியிருக்கு, அதுதான் கசியுது.”

“எங்கட ஆலிமா இதுக்கும் மாதவிடாய்ட சட்டம்தான் எண்டாங்களே.”

டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தொழுறதை உங்கட ஆலிமாவிட்டயே கேளுங்கோ, எனக்கு அது தெரியாது. பாரம் தூக்காதேங்கோ. இரத்தம் கூடினாலோ, வலி கூடினாலோ, தலை சுத்தினாலோ, எந்த நேரமெண்டாலும் உடன வரவேணும்.”

“பிள்ளை தப்புமா டொக்டர்?”

“கனபேருக்குத் தப்பும். உங்களுக்கு எப்பிடியெண்டு இண்டைக்கு என்னால சொல்ல ஏலாது. ரெண்டு கிழமையால திரும்பப் பார்ப்பம்.”

விடைக்குப் பயந்து பயந்து வந்தவளுக்கு விடையே கிடைக்கவில்லை. டொக்டர் இது மாதவிடாய் இல்லை என்கிறார். ஆலிமா இதற்கு அதன் சட்டம்தான் என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்களும் இல்லை. இரத்தம் போய்க்கொண்டு இருக்கிறது, இருதயமும் அடித்துக்கொண்டு இருக்கிறது. இப்படி ஒரு கணக்கை நான் யாருக்கும் படிப்பித்ததில்லை.

வெளியே இன்பாஸ் மரத்தடியில் நின்றார். இருக்கு என்றேன். அப்படியே மரத்தைச் சுற்றிய சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் என்று நான் சொல்லத் தொடங்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரம் போகட்டும் என்று விட்டேன். அவருக்காவது ஒரு விடை இருக்கட்டும்.

அன்றிரவும் உம்மா தொழுகைக்குக் கூப்பிட்டார். களைப்பு என்று வீட்டில் படுத்திருக்கலாம். இன்பாஸும் அதைத்தான் சொன்னார். நான் போனேன். களவாக வரிசையில் நின்று நின்று எனக்கு வெறுத்துப்போயிருந்தது. அதைவிட வேறொன்றும் இருந்தது. இரண்டு கிழமைக்குள் இந்தப் பிள்ளை போய்விட்டால், குச்சி பொய் சொல்லியிருக்கும், வயிற்றில் ஒன்றும் இருந்திருக்காது என்றுதான் ஒழுங்கை சொல்லும். இருந்தது. நான் கண்ணால் கண்டேன். அது இருக்கிற நேரத்திலேயே நாலு பேருக்காவது தெரிய வேண்டும்.

ஹோலுக்குள் போனதும் உம்மா வழக்கமான இடத்தில் என் முஸல்லாவை விரித்தார். நான் அதைத் தாண்டிப் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் கண்டவர் பஸ்மியா மாமி. அவர் முகம் சுருங்கியது. என் பக்கம் குனிந்து “இன்னா லில்லாஹி” என்று தொடங்கினார். அந்தச் சத்தத்துக்கு உம்மா திரும்பினார். என்னைப் பார்த்தார். வெறுமையாகக் கிடந்த முஸல்லாவைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவ்வளவு பேசுகிற மனிசி.

“ஓதாதீங்க மாமி,” என்றேன். வகுப்பறைச் சத்தம், மூன்று வரிசைக்கும் கேட்டது. “யாரும் மவுத்தாகல்ல. எனக்கு இரத்தம் வருது, தொழுகை இல்ல. வயித்தில பிள்ளையும் இருக்கு. இண்டைக்கு டொக்டர் காட்டினாங்க, இருதயம் அடிக்குது. ரெண்டும்தான்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அது எப்படி என்றாள் ஒருத்தி. அப்படியென்றால் பிள்ளை இருக்கா இல்லையா என்றாள் இன்னொருத்தி. அப்படியும் இருக்கும் என்று நஸ்ரின் ஆலிமா முன்னாலிருந்து சொன்னார், எல்லாரையும் வரிசையைச் சரிபார்க்கச் சொன்னார். தக்பீர் சொல்லிக் கை கட்டினார். ஹோல் அமைதியானது.

உம்மா மட்டும் கட்டவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தார். அறையப்போகிறார் என்றே நினைத்தேன். வாங்கத்தான் வேண்டும். வந்து என் பக்கத்தில், சுவரோடு, தொழுகை உடுப்போடு உட்கார்ந்தார்.

“எத்தின நாளா?” குரல் காற்றாகத்தான் வந்தது.

“நாலஞ்சு நாளா.”

“என்ட தோளோட தோள் முட்டிக்கிட்டு நிண்டியே புள்ள.”

“ஓம் உம்மா.”

போய்த் தொழுங்கள் என்றேன். தறாவீஹ் ஸுன்னத்துத்தானே, விட்டால் குற்றமில்லை என்றார். இந்த வயதில் நபீஸா சுவரோடு உட்கார்ந்ததை ஸுஜூதுக்குக் குனிகிற சாட்டில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். உம்மா அதைக் கவனிக்கவேயில்லை.

“இப்பவும் வருதா?” என்று கேட்டார். இவ்வளவு நாளில் அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் நான் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“வருது.”

“பிள்ளை?”

“இண்டைக்கு இருக்கு உம்மா. நாளைக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது.”

உம்மா என் கால்கள் இரண்டையும் தூக்கித் தன் மடியில் வைத்தார். பாதங்களை அழுத்தத் தொடங்கினார்.

“இண்டைக்கு இருக்குத்தானே,” என்றார். “அது காணும்.”

போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.